நோயில்லாத மக்காச்சோளத்துக்குள் செல்லுலேஸ் சுரக்கும் பூஞ்சையா?

வயலோரம்:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகப் பெரம்பலூர் பக்கம் நல்ல பச்சையாக நின்ற மக்காச்சோளத் தண்டு எடுத்துவந்தேன். 70% ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவி, துண்டு நறுக்கி பிடிஏவில் (உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் அகர் ஊடகம்) வைத்தேன். வெள்ளைப் பஞ்சுபோல ஒரு பூஞ்சை வந்தது. நாளாக ஆக அடியில் ஊதா ஏறுகிறது. சிஎம்சி (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்) அகரில் வளர்த்து காங்கோ ரெட் சாயம் ஊற்றினால், செல்லுலோஸ் கரைந்த இடத்தில் பளிச்சென்று வளையம். செல்சுவரைக் கரைக்கும் செல்லுலேஸ் நொதியை வைத்திருக்கிற பூஞ்சை உள்ளே இருந்தும் செடி எப்படி வாடாமல் நின்றது? தோலில் ஒட்டியிருந்ததுதான் வளர்ந்துவிட்டதா?

இழைவலை:
கடைசியாகக் கழுவிய தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வைத்தீர்களா? அதில் எதுவும் முளைக்கவில்லை என்றால் தோல் சந்தேகத்தை விடலாம். வைவாவில் முதலில் கேட்பது அந்தத் தட்டைத்தான்.

வளையம் உண்மை. ஆனால் அது தட்டில் நடந்த கதை. அங்கே நீங்கள் வைத்த தீனி சிஎம்சி. சாப்பிட வேண்டுமானால் நொதியை ஊற்றித்தான் ஆக வேண்டும். பச்சைத் தண்டில் செல்களின் இடுக்கில் சர்க்கரை கிடைத்துக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் செல்லுலேஸ் மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். அதே அகரில் 1% குளுக்கோஸ் சேர்த்து இன்னொரு தட்டு போட்டு, வளையம் சுருங்குகிறதா பாருங்கள். காங்கோ ரெட்டை 1 மோலார் உப்புக்கரைசலால் கழுவ மறக்க வேண்டாம். செடி முற்றிக் காய்ந்ததும் நிலைமை மாறும். தட்டைக்குள் (காய்ந்த தண்டுக்குள்) ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சைதான் அதை மற்றவற்றுக்கு முன்னால் தின்னத் தொடங்கும். இந்த நொதி அப்போதுதான் அதற்குச் சோறு போடுகிறது.

இன்னொன்று, சிஎம்சி காட்டுவது செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸ் என்ற ஒருவகை செல்லுலேஸை மட்டும். வளையத்தின் அகலத்தை வைத்து 'அதிக உற்பத்தி' என்று எழுதாதீர்கள். அளவு வேண்டுமென்றால் திரவ ஊடகத்தில் வளர்த்து, வடிநீரில் டிஎன்எஸ் சோதனை (நொதி விடுவித்த சர்க்கரையை நிறத்தால் அளப்பது) செய்து 540 நானோமீட்டர் ஒளியில் பாருங்கள்.

கரிசல்காடு:
மக்காச்சோளம், ஊதா நிறம் என்றதுமே ஃபியூசேரியம் வெர்டிசில்லியாய்டிஸ் என்ற பூஞ்சை நினைவுக்கு வருகிறது. நுண்வித்துகள் நீளச் சங்கிலியாக நிற்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அறிகுறியே காட்டாமல் மக்காச்சோளத்துக்குள் வாழ்வது அதன் வழக்கம். 1988-இல் தென்னாப்பிரிக்காவில் ஃபியூமோனிசின் நச்சைப் பிரித்தெடுத்தது இதிலிருந்துதான். குதிரையின் மூளையையே அழிக்கும் நச்சு அது. ஆகவே நொதி நன்றாகச் சுரக்கிறது என்பதற்காக இதை விதைநேர்த்திக்குப் பரிந்துரைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. தட்டைத் திறந்து முகரவும் வேண்டாம்.

வயலோரம்:
கழுவிய தண்ணீர்த் தட்டு சுத்தமாக இருக்கிறது. வித்துகள் சங்கிலியாகத்தான் தெரிகின்றன. குளுக்கோஸ் தட்டு போட்டுப் படம் இடுகிறேன். அறுவடை முடிந்த தட்டையிலிருந்தும் எடுத்து ஒப்பிடலாமா?

இழைவலை:
கட்டாயம். மண்ணில் படாமல் நிற்கிற தட்டையாகப் பார்த்து, மேல் கணுவிலிருந்து எடுங்கள்.