ரேடோ கேஸ், கார்பன் கேஸ், சீஸ் கேஸ்: காசு உள்ள ஓடற மெஷினுக்கா, மேல இருக்கற டப்பாவுக்கா?

சாவிகுடுப்பான்:
நேத்து ராத்திரி தூக்கம் வராம ரிச்சர்ட் மில்ங்கற ஸ்விஸ் கம்பெனியோட வாட்ச் வீடியோ ஒண்ணு பாத்துட்டு இருந்தேன். ஆர்எம் 50-03, மெக்லாரன் எஃப்1 பேர்ல 2017ல விட்டது, மான்செஸ்டர் யுனிவர்சிட்டி ஆளுங்களோட சேந்து கிராஃபீன்ங்கற ரொம்ப மெல்லிசான கார்பன் கலந்து கேஸ், அதாவது வாட்சோட மேல்கூடு, பண்ணிருக்காங்க, ஸ்ட்ராப்போட சேத்து 40 கிராம் கூட இல்ல, விலை பத்து லட்சம் டாலர் பக்கம். 40 கிராம்னா அஞ்சு பவுன். அஞ்சு பவுன் எடைல கார்பனும் ரெசினும், அதுக்கு கோடிக்கணக்குல காசு! கிரிக்கெட் ஹெல்மெட்லயும் மீன் பிடிக்கற தூண்டில்லயும் இருக்கற அதே கார்பன்தானே? வாட்ச்னா உள்ள இருக்கற மெஷின், மேல இருக்கறது டப்பா, டப்பாவுக்கு எதுக்குய்யா இந்த பில்டப்பு. என் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா இல்ல எல்லாரும் அந்தப் பக்கமா?

கார்பன்காதலன்:
அந்தப் பக்கம்தான் ப்ரோ. நீங்க சொன்ன அதே வாட்ச்ல உள்ள இருக்கறது டூர்பியோன் (துடிக்கற பாகத்த சுத்திக்கிட்டே இருக்க வைக்கற கூண்டு), ஸ்ப்ளிட் செகண்ட் குரோனோகிராஃப் (ரெண்டு முள் இருக்கற ஸ்டாப்வாட்ச்), அந்த மொத்த மெஷினே 7 கிராம்தான். அதை சொல்லாம விட்டுட்டு கார்பனுக்கு கோடின்னா எப்படி? அப்புறம் அது தூண்டில் கார்பன் இல்ல. நார்த் தின் ப்ளை டெக்னாலஜின்னு ஒரு கம்பெனி, ரேஸ் படகுக்கு பாய்மரத் துணி பண்ணிட்டு இருந்தவங்க, 30 மைக்ரானுக்கு மேல போகாத லேயரா இழை எடுத்து ரெசின்ல நனைச்சு, ஒவ்வொரு லேயருக்கும் திசைய 45 டிகிரி திருப்பி அடுக்கி, 120 டிகிரில 6 பார் பிரஷர்ல வேக வெச்சு அப்புறம்தான் மெஷினுக்கே போகுது. அந்த அலை அலையா வர டிசைன் பெயிண்ட் இல்ல, அடுக்கோட குறுக்குவெட்டு. ரஃபேல் நடால் கைல கட்டிட்டு டென்னிஸ் ஆடினார், 2010ல வந்த முதல் மாடலே ஸ்ட்ராப்போட 20 கிராமுக்குள்ள. ஸ்டீல்ல அதை பண்ணிக் காட்டுங்க பாப்போம்.

சாவிகுடுப்பான்:
நடால் ஆடினார் சரி, நான் ஷேர் ஆட்டோல போறேன். எனக்கு எதுக்கு 20 கிராம்

சிங்காநல்லூர்லேத்து:
வணக்கமுங்க, நமக்கு சிஎன்சி பட்டறைங்க, நாலு மெஷின் ஓடுது. வாட்ச் பைத்தியமும் உண்டு, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் பேசிக்கறேன் கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல ஒண்ணு. மெட்டீரியல் விலை எல்லாம் பேச்சே இல்லீங்க, கிலோ கணக்குல பாத்தா எல்லாமே சல்லிசுதான். காசு எங்க போகுதுன்னா வெட்டறதுலயும் ரிஜெக்ஷன்லயும். சஃபயர்ல, அதாவது செயற்கை நீலக்கல் படிகத்துல, முழு கேஸ் பண்றாங்கல்ல, 2012ல ரிச்சர்ட் மில் ஆர்எம் 056 விட்டாங்க, கேஸ் மட்டும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல மெஷினிங்னு சொன்னாங்க. சஃபயர வைரம் வெச்சுத்தான் அரைக்கணும், அதுல கடைசி நாள் ஒரு கிராக் விட்டுச்சுன்னா மொத்தமும் குப்பை, ஒட்டவும் முடியாது உருக்கவும் முடியாது. ஸ்டீல்ல தப்பு வந்தா நாங்க வெல்ட் வெச்சு திருப்பி ஓட்டிருவோம், அந்த வசதி அங்க இல்லீங்க.

ஆனா இதையும் கேளுங்க. எங்க பட்டறைல மெஷின் வாடகை மணிக்கு 600 ரூபாய்னு வெச்சுக்கங்க. ஆயிரம் மணி நேரம்னா 6 லட்சம். ஸ்விஸ்ல பத்து மடங்கு போட்டாக்கூட 60 லட்சம். பத்துல ஒம்பது உடைஞ்சு போச்சுன்னு வெச்சா கோடிக்கணக்கு வருது, ஒத்துக்கறேன். ஆனா பத்துல ஒம்பது உடைக்கறவன எங்கூர்ல வேலைக்கு வெக்க மாட்டாங்க.

பல்டாக்டர்மதுரை:
லேத்து அண்ணே 😂

செராமிக் பத்தி நான் சொல்லலாம், தினமும் கைல எடுக்கற பொருள். வாட்ச்காரங்க ஹைடெக் செராமிக்னு சொல்றது பெரும்பாலும் ஜிர்கோனியா, நாங்க பல்லுக்கு போடற அதே கேப். லேப்ல அது முதல்ல சாக்பீஸ் மாதிரி இருக்கும், நகத்தால கீறினா கோடு விழும், அந்த நிலைலயே கடைஞ்சுருவாங்க. ஆனா வேணுங்கற அளவ விட கால் பங்கு பெருசா கடையணும், ஏன்னா 1,400, 1,500 டிகிரில சுட்டு எடுக்கும்போது அவ்வளவு சுருங்கும். சுட்டதுக்கப்புறம் வைரம் மாதிரி அதை விட கடினமான பொருள விட்டா வேற எதுவும் ஒரு கீறல் போடாது. ஒரு பல்லுக்கு சுருக்கம் கொஞ்சம் முன்னபின்ன ஆனா சிமெண்ட்ல சமாளிச்சுருவேன், வாட்ச்ல கண்ணாடி, பின்மூடி, சாவி போற ஓட்டை எல்லாம் அச்சா உக்காரணும் தண்ணி போகக்கூடாது, அதனால வேலை கஷ்டம்தான், மறுக்கல. கலர் இன்னும் கஷ்டம், அந்த சூட்டுல சாயம் கருகிரும், பளிச்சுன்னு சிவப்பு செராமிக்க ஹுப்லோங்கற ஸ்விஸ் கம்பெனி 2018லதான் கொண்டு வந்தாங்க.

ஆனா ஒரு கேப்புக்கு எட்டாயிரம்னு சொன்னா பேஷண்ட் ஆறாயிரத்துக்கு அடிச்சு பேசறாரு. அதே ஆளு கைல செராமிக் வாட்ச்!

இப்ப என் கதை. ஒரு வெள்ளை செராமிக் ஆட்டோமேட்டிக் வெச்சிருந்தேன், பிராண்ட் பேர் வேணாம். மூணு வருஷம், ஒரு கீறல் கிடையாது, வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. ஒரு நாள் கை கழுவறதுக்கு வாஷ்பேசின் விளிம்புல கழட்டி வெச்சேன், நழுவிருச்சு. டைல்ஸ்ல 'டிங்'னு ஒரு சத்தம், ஸ்பூன் விழுந்த மாதிரி கூட இல்ல, டம்ளர் விழுந்த சத்தம். ஸ்ட்ராப் மாட்டற காதுல ஒண்ணு தனியா ஸ்டூலுக்கு அடில கிடந்துச்சு. சர்வீஸ்ல கேட்டா கேஸ் முழுசா மாத்தணும், வாட்ச் விலைல பாதி, நாலு மாசம். மெஷின் நல்லா ஓடிட்டே இருக்கு, அதான் வயித்தெரிச்சல். கீறல் விழாத பொருள பாலிஷும் போட முடியாது, ஒட்டவும் முடியாது. இதை விக்கும்போது யாரும் சொல்றதில்ல.

சாவிகுடுப்பான்:
டாக்டர் நம்ம ஆளு 🙏

பல்டாக்டர்மதுரை:
அவசரப்படாதீங்க, அடுத்ததும் செராமிக்தான் வாங்கப் போறேன்

பீல்தம்பி:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஸ்விஸ்ல பீல்ல இருக்கிறன், 22 வருசமா. நான் உணவகத்தில வேலை, ஆனா என்ர மனுசி கேஸ் பொலிஷ் பண்ணுற பட்டறையில தான் வேலை செய்யிறா. நீங்கள் எல்லாரும் மெற்றீரியல் எண்டு கதைக்கிறியள், அவவிட்ட கேட்டால் எல்லாம் தூசிதான் எண்டு சொல்லுவா. ஸ்டீல் கேஸை சில்லில பிடிச்சு பொலிஷ் பண்ணேக்க மினுங்கிற இடத்துக்கும் மங்கலா விடுற இடத்துக்கும் நடுவில ஒரு கோடு வரோணும், அது கொஞ்சம் வளைஞ்சாலும் எறிஞ்சுபோடுவினம், அந்தக் கோட்டுக்குத்தான் காசு எண்டு அவ சொல்லுறா. 1972ல ஓடமார் பிகே எண்ட கொம்பனி ரோயல் ஓக் எண்ட வோச்சை விட்டது வெறும் ஸ்டீல்ல, விலை 3,300 பிராங்க், அந்த நேரம் தங்க வோச்சே அதைவிட மலிவா வாங்கலாம். அப்பவும் இப்ப சாவிகுடுப்பான் கேக்கிற இதே கேள்வியைத்தான் சனம் கேட்டது, ஸ்டீலுக்கு ஏன் இவ்வளவு எண்டு. இண்டைக்கு அந்த ஸ்டீல்தான் எல்லாருக்கும் நல்ல பிள்ளை.

பகிடியும் இருக்கு. 2017ல மோசர் எண்ட கொம்பனி சீஸ்ல வோச் கேஸ் செய்தது, உண்மையாத்தான் சொல்லுறன், வஷ்ரான் மோன் டோர் எண்ட சீஸை ரெசினோட கலந்து இறுக்கி கேஸாக்கி, மாட்டுத்தோல் வார் போட்டு. விலை 1081291 பிராங்க், ஏனெண்டால் ஸ்விஸ் பிறந்த நாள் 1.08.1291. அந்த வருசம் தான் 60 வீதம் உள்நாட்டு மதிப்பு இருந்தா ஸ்விஸ் மேட் எண்டு போடலாம் எண்ட சட்டம் வந்தது, அது காணாது எண்டு கோவத்தில செய்தது. அதுக்கு முதல் 2007ல ரோமென் ஜெரோம் டைட்டானிக் கப்பல் இரும்பு கலந்து துருப்பிடிச்ச பெசல், கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையம், வைச்சு வித்தது, பிறகு எரிமலைக் குழம்பு, நிலாத் தூசி எல்லாம் வந்தது. 2020ல கொம்பனி மூடியாச்சு. எனக்கு கோடு எங்க எண்டால், பொருளால வோச்சுக்கு ஒரு வேலை நடக்கோணும், பாரம் குறையோணும் இல்லாட்டி கீறாமல் இருக்கோணும். கதை மட்டும் எண்டால் அது வோச் இல்லை, கோயில் திருநீறு மாதிரி.

மணவாளக்குறிச்சி:
டைட்டானியம், ஜிர்கோனியம் ரெண்டும் எங்க ஊரு கடற்கரை மணல்லதான் இருக்கு மக்கா, இல்மனைட்டும் ஜிர்கானும் அள்ளிட்டு போறான். எங்க கைல எச்எம்டி

அரவிந்த்நேரம்:
செராமிக்னு பேசறீங்களே, 2022 டிசம்பர்ல தமிழ்நாடே ஒரு வாட்ச பத்தி பேசுச்சு ஞாபகம் இருக்கா, பெல் அண்ட் ராஸ் ரஃபேல் எடிஷன், 500 பீஸ். போர் விமானத்தோட பாகத்துல செஞ்சதுன்னு டீக்கடை வரைக்கும் ஓடுச்சு. அதோட கேஸ் மேட் கருப்பு செராமிக். அன்னிக்கு பில்லு எங்கன்னு கேட்டாங்களே தவிர கேஸ் என்ன பொருள்னு ஒருத்தரும் கேக்கல, அதை வாங்கினவர்

மாடரேட்டர்:
இதோட நிறுத்துங்க. வாட்ச் மட்டும் பேசவும். போன தடவை அந்த ஒரு திரியால மூணு பேரை பேன் பண்ண வேண்டியதா போச்சு.

கும்பகோணம்நகை:
மூணு தலைமுறையா நகைக்கடை, அதனால மேஜிக் கோல்டு பத்தி என்னால சும்மா இருக்க முடியல. 2011ல ஹுப்லோ லோசான் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியோட சேந்து கொண்டு வந்தது. போரான் கார்பைடு செராமிக்க பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா பண்ணி, அதுக்குள்ள உருக்கின தங்கத்த பிரஷர்ல ஏத்தறது. கிட்டத்தட்ட 1,000 விக்கர்ஸ் கடினம், ஸ்டீல் 200 பக்கம்தான். 18 காரட், நூத்துக்கு 75 தங்கம், சட்டப்படி சரி. ஆனா அந்த 75 எடைல. தங்கம் கனம், போரான் கார்பைடு லேசு, கணக்கு போட்டுப் பாத்தா இடத்துல பாதி கூட தங்கம் இல்ல, மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. இத ஒருத்தர் எங்க கடைக்கு எடுத்துட்டு வந்து உரைச்சுப் பாக்க சொன்னா என் உரைகல்லுதான் தேயும். உருக்கவும் முடியாது. அடகுக்கு எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

அப்புறம் வெண்கலம். பனராய் 2011ல பிரான்சோன்னு விட்டான், ஆயிரம் பீஸ், அதுல இருந்து ஆளாளுக்கு வெண்கல வாட்ச். கொஞ்ச நாள்ல கருத்து, பச்சை பூக்கும், அதுக்கு பேரு பாட்டினாவாம், ஒவ்வொருத்தர் வாட்சும் ஒவ்வொரு மாதிரி ஆகுமாம், சீக்கிரம் வரலன்னா அவிச்ச முட்டையோட டப்பால போட்டு மூடி வெக்கறான். எங்கம்மா அதே களிம்ப வெள்ளிக்கிழமை ஆனா புளி போட்டு தேய்ச்சு எடுக்கும். தோல்ல பச்சையா ஒட்டும்னு பின்மூடிய மட்டும் பனராய் டைட்டானியத்துல, டியூடர் ஸ்டீல்ல போடறான், அங்க தெரியுது பாருங்க அவனுக்கே அந்த உலோகத்து மேல இருக்கற நம்பிக்கை.

கார்பன்காதலன்:
அண்ணா உங்க கடைல வாங்கற நகைய கூட யாரும் இரும்பு விலைக்கு வாங்கறதில்ல, செய்கூலி சேதாரம் போடறீங்கல்ல? இங்கயும் அதேதான், சேதாரம் கொஞ்சம் ஜாஸ்தி

கும்பகோணம்நகை:
சேதாரத்துக்கு ஒரு பர்சன்டேஜ் இருக்கு தம்பி. அவன் போடறது சேதாரம் இல்ல, செய்வினை

சிங்காநல்லூர்லேத்து:
சிரிச்சு முடிச்சாச்சுங்களா. சாவிகுடுப்பான் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க அப்பா கல்ஃப்ல இருந்து வரும்போது ரேடோ கொண்டு வந்தாருன்னு போன மாசம் வேற திரில எழுதினீங்க. எந்த மாடலுங்க?

சாவிகுடுப்பான்:
டயாஸ்டார், அந்த முட்டை ஷேப். 83ல துபாய்ல வாங்கினது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்

சிங்காநல்லூர்லேத்து:
அதாங்க சம்பந்தமே. டயாஸ்டார் 1962ல வந்தப்ப அதோட பேச்சே கீறல் விழாத வாட்ச்ங்கறதுதான். மேல இருக்கற அந்த வளைஞ்ச பாகம் டங்ஸ்டன் கார்பைடு, நாங்க தினமும் ஸ்டீல வெட்டறதுக்கு மெஷின்ல மாட்டற இன்சர்ட் இருக்கே, அதே குடும்பம். உள்ள ஓடினது வெளில வாங்கிப் போட்ட சாதாரண ஆட்டோமேட்டிக் மெஷின்தான், அதே மெஷின் போட்டு பாதி விலைக்கு வேற வாட்ச் அன்னிக்கே கிடைச்சுது. உங்க அப்பா காசு குடுத்தது எதுக்குங்க? கல்ஃப்ல இருந்து வந்த அத்தனை பேரும், கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு ரேடோ கேட்ட அத்தனை மாமனாரும் குடுத்தது எதுக்கு? நீங்க சொன்ன அந்த டப்பாவுக்குத்தான். 

ஒண்ணு மட்டும் டாக்டர் சொன்னதோட சேத்துக்கங்க. ஹார்டா இருக்கறது வேற, அடி தாங்கறது வேற. எங்க இன்சர்ட் ஸ்டீல வெண்ணை மாதிரி வெட்டும், கை தவறி சிமெண்ட் தரைல விழுந்தா மூக்கு போயிரும்.

சாவிகுடுப்பான்:
அப்பா வாங்கினது மாசம் முழுக்க கிரேன்ல வேலை பாத்து, ஒரே வாட்ச், நாப்பது வருஷமா கட்டறார். பத்து லட்சம் டாலர் கார்பனோட அதை சேக்காதீங்க. டப்பாவுக்கு காசு குடுத்தார்னு வேணா ஒத்துக்கறேன், ஆனா அந்த டப்பா அவருக்கு வேலை செஞ்சுது, பீல் அண்ணன் சொன்ன மாதிரி.

பீல்தம்பி:
அப்ப நீங்கள் என்ர பக்கம் எண்டு எழுதி வைக்கட்டோ

சாவிகுடுப்பான்:
எழுதாதீங்க. இன்னும் முடிவு பண்ணல

கார்பன்காதலன்:
ஒரு டெஸ்ட் பண்ணி போட்டோ போடுங்களேன், அந்த டயாஸ்டார் மேல கத்தியால ஒரு கீறு, பக்கத்துல எச்எம்டி ஸ்டீல் கேஸ் மேல ஒரு கீறு. நாப்பது வருஷ பழைய கார்பைடு எப்படி நிக்குதுன்னு பாப்போம்

கும்பகோணம்நகை:
பண்ணுங்க பண்ணுங்க. நானும் பாக்கணும்

சாவிகுடுப்பான்:
அப்டேட். காலைல அப்பாகிட்ட விஷயத்த சொன்னேன், பொறுமையா எல்லாம் கேட்டார், லேத்து அண்ணன் எழுதினத படிச்சும் காட்டினேன், தலையாட்டினார். காய் வெட்டற கத்திய எடுத்துட்டு வரலாம்னு கிச்சனுக்கு போயிட்டு திரும்பி வரேன், கைல வாட்ச் இல்ல. பீரோவுக்குள்ள வெச்சு பூட்டி, சாவி இடுப்புல. "உன் எச்எம்டிய ரெண்டு தடவ கீறிக்கோ"ன்னுட்டார்.

எச்எம்டில கீறல் நல்லா விழுது. போட்டோ சாயங்காலம் போடறேன்.