ஷெபாங் சரியா இருந்தும் பைத்தான் ஸ்கிரிப்டை பாஷ் ஏன் ஓட்டுது?

கேள்வி:
விண்டோஸ் மெஷின்ல எழுதின பைத்தான் ஸ்கிரிப்டை லினக்ஸுக்கு காப்பி பண்ணேன். முதல் வரில #! (அதான் ஷெபாங்) போட்டு, புரோகிராமைத் தேடி ஓட்டுற என்வ் கமாண்ட் வழியா பைத்தான்3-ஐக் கூப்பிடுற வழக்கமான வரிதான். எக்ஸிக்யூட் பெர்மிஷனும் கொடுத்தாச்சு. ஆனா டெர்மினல்ல ./ வச்சு ஓட்டினா, முதல் வரிலயே 'அப்படி ஒரு ஃபைல் இல்லை'ன்னு எரர் வருது. அடுத்து மவுஸ் கர்சர் கூட்டல் குறியா மாறி அப்படியே நிக்குது. எங்கேயாவது கிளிக் பண்ணா வரிசையா சின்டாக்ஸ் எரர். ஃபோல்டர்ல 'சிஸ்'னு புதுசா ஒரு ஃபைல் வேற! பைத்தான்3-னு முன்னாடி அடிச்சு ஓட்டினா ஒழுங்கா ஓடுது. ஏதாவது வைரஸா?

பதில் 1:
வைரஸ் இல்லை, பயப்படாதீங்க. உங்க பைத்தான் கோடை பாஷ், அதாவது டெர்மினல்ல நீங்க அடிக்கிற கமாண்டை ஓட்டுற ஷெல், ஓட்டியிருக்கு. 'இம்போர்ட்'ங்கிறது இமேஜ்மேஜிக்ங்கிற பட சாஃப்ட்வேரோட வர்ற ஸ்கிரீன்ஷாட் கமாண்ட். உங்க ஸ்கிரிப்ட்ல இருக்கிற 'இம்போர்ட் சிஸ்' வரியைப் பாஷ் 'படம் பிடிச்சு சிஸ்-ங்கிற பேர்ல சேமி'ன்னு எடுத்துக்கிச்சு. எந்த விண்டோவைப் பிடிக்கணும்னு நீங்க காட்டத்தான் அந்தக் கூட்டல் குறி.

பாஷ் கைக்கு எப்படிப் போச்சுங்கிறதுதான் விஷயம். லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஃபைல் பேரோட கடைசில என்ன இருக்குன்னு பார்க்கறதே இல்லை. ஃபைலோட தலையில கொஞ்சம் பைட்டைப் படிக்கும் (முன்னெல்லாம் 128, கெர்னல் 5.1-லேருந்து 256). முதல் ரெண்டு பைட் 35, 33-ஆ இருந்தா, அதாவது # அப்புறம் !, ஸ்கிரிப்ட்னு முடிவு பண்ணி, அந்த வரில சொன்ன புரோகிராமைக் கூப்பிடும். தெரிஞ்ச அடையாளம் எதுவுமே இல்லைன்னா 'இதை ஓட்டத் தெரியலை'ன்னு எரரைத் திருப்பிக் கொடுத்துடும். அந்த எரரைப் பார்த்ததும் பாஷ், 'அப்போ இது ஷெல் ஸ்கிரிப்டாத்தான் இருக்கும்'னு தானே ஓட்ட ஆரம்பிச்சுடும். இது #!-க்கும் முந்தின பழக்கம். டென்னிஸ் ரிட்சி 1980-ல #!-ஐ யூனிக்ஸ் கெர்னல்ல சேர்க்கிற வரைக்கும் ஸ்கிரிப்டுக்கு அதுதான் வழி.

அப்போ உங்க ஃபைல்ல முதல் பைட் # கிடையாது. எனக்கு பிஓஎம் (பைட் ஆர்டர் மார்க்) மேலதான் சந்தேகம். சில விண்டோஸ் எடிட்டர்கள் யூடிஎஃப்-8 ஃபைலோட தலையில 239, 187, 191-னு மூணு பைட் வச்சுடும், எடிட்டர்ல கண்ணுக்கே தெரியாது. பைத்தான் அதைத் தாண்டிப் படிச்சுக்கும், கெர்னல் தாண்டாது. ஃபைல்ல இருக்கிற பைட்டைக் காட்டுற 'ஓ-டி' கமாண்ட்ல முதல் 5 பைட்டை எண்ணா எடுத்துப் போடுங்க.

கேட்டவர்:
நீங்க சொன்னது அப்படியே இருக்கு: 239 187 191 35 33. பிஓஎம் இல்லாம சேமிச்சேன், பாஷ் தலையிடறது நின்னுடுச்சு. ஆனா இப்போ என்வ் 'பைத்தான்3\ஆர்'னு ஒண்ணைத் தேடி, இல்லைங்குது. நான் அப்படி எதுவும் அடிக்கலையே!

பதில் 2:
அது வரி முடிவு. விண்டோஸ் எடிட்டர் ஒவ்வொரு வரி கடைசிலயும் 13, 10-னு ரெண்டு பைட் வைக்கும், லினக்ஸ்ல 10 மட்டும்தான். கெர்னல் 10 வரைக்கும் படிச்சதால 13-உம் பேரோட ஒட்டிக்கிச்சு, அதைத்தான் \ஆர்னு காட்டுது. அந்த 'சிஸ்' ஃபைலை எல்எஸ் (ஃபைல் பேரைப் பட்டியல் போடற கமாண்ட்) போட்டுப் பாருங்க, அது பேர் கடைசிலயும் அதே \ஆர் நிக்கும். வரி முடிவை மாத்துற டாஸ்2யூனிக்ஸ் கமாண்டை ஒரு தடவை ஓட்டினா சரியாயிடும், பிஓஎம் இருந்தா அதையும் எடுத்துடும்.

பதில் 1:
ஆமா, அந்த ஃபைல் பேரை நான் முதல்லயே கேட்டிருக்கணும். இன்னொண்ணு, என்வ் உங்க பாத்ல (புரோகிராமைத் தேடற ஃபோல்டர் பட்டியல்) முதல்ல கிடைக்கிற பைத்தான்3-ஐத்தான் எடுக்கும். இதே ஸ்கிரிப்டை க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுறது) போடறதா இருந்தா அங்க பாத் வேற. விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு வேலைக்குன்னு தனியா வச்ச பைத்தான்) வச்சிருந்தா, அதுல இருக்கிற பைத்தானோட முழுப் பாதையை #!-க்குப் பின்னாடியே எழுதிடுங்க.

கேட்டவர்:
ஓடிடுச்சு! 'சிஸ்' பேர்லயும் \ஆர் இருந்துச்சு, அழிச்சுட்டேன். க்ரான்லதான் போடப் போறேன், பாதையை மாத்திடறேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.