மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் ஓட எண்டூரோ பைக்கில (கரடுமுரடான பாதைக்கான மோட்டார் சைக்கிள்) என்ன மாத்தலாம்?

கேள்வி: மாரியில வயல் களி முன் மட்காட்டுக்குள்ள இறுகி சில்லு நிக்குது. கோடையில குளக்கட்டுப் புழுதி. கம்பனியே எதைத் திருத்தித் தரணும்?

பதில் 1: முதல்ல மட்காட், தம்பி. சில்லோட ஒட்டினதைக் கழட்டி உயரத்தில பூட்டுங்க. களிக்கு டயர் காற்று 14 பிஎஸ்ஐ போதும். ஆனா டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ரிம் லொக் கட்டாயம். இல்லாட்டி டயர் ரிம்மில வழுக்கி ரியூப் வால்வை வேரோட பிடுங்கிடும். இதையெல்லாம் கடையிலேயே பூட்டித் தரணும்!

பதில் 2: முன் பல்சக்கரம் 14க்குப் பதிலா 13 பல். இழுவை கிட்டத்தட்ட 8 வீதம் கூடும், கிளச் எரியிறது குறையும். செயின் தளர்வைத் திரும்பப் பாருங்க.

பதில் 3: புழுதிக்கு, எஞ்சினுக்குப் போற காற்றை வடிக்கிற ஃபோம் பில்டர். மண்ணெண்ணெயில அலசி, சோப்புத் தண்ணியில கழுவுங்க. முறுக்கிப் பிழியாதீங்க, ஃபோம் ஒட்டு விட்டிரும். நல்லாக் காய்ஞ்சபிறகு பில்டர் ஒயில், விளிம்புக்கு கிரீஸ். ஒயில் இல்லாத ஃபோம் பொடிப்புழுதியை உள்ள விட்டிரும். பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு புகை தள்ளும்.