குவில்ட்டுக்கும் ஸ்டாஷுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பத்து வருடமாக வீட்டில் குவில்ட் தைத்து வருகிறேன். இப்போது எங்கள் தெருவில் எட்டுப் பெண்கள் சனிக்கிழமை மாலைகளில் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் நாலு பக்கத்துக்குச் செய்முறைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தலைப்பையே தாண்ட முடியவில்லை. மிஷின் முன்னால் இருக்கும்போது டாப், பேட்டிங், பேக்கிங், பைண்டிங் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதையே தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால், பேட்டிங் என்பது கிரிக்கெட் ஆகிவிடுகிறது. பேக்கிங் என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா பொட்டலம் கட்டுவது என்று படித்தார். படித்தவுடன் கையை வேலையில் வைக்க வேண்டியவர்களை இந்தச் சொற்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

குவில்ட் பழக்கமில்லாதவர்களுக்காக: மூன்று அடுக்கு. மேலே பார்வைக்கான துணி (டாப்), நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு (பேட்டிங்), அடியில் இன்னொரு துணி (பேக்கிங்). மூன்றையும் ஊடுருவித் தைப்பதுதான் குவில்ட்டிங். அந்தத் தையலை அழகுக்காக மட்டும் போடுவதாக நினைக்க வேண்டாம். தைக்காமல் விட்டால் சில துவைப்பிலேயே பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டிக்கொள்ளும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று பஞ்சு விரிப்பு வரும் பொதியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இதற்கு 'ஒட்டுப்போர்வை' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அது, துண்டுகளை ஒட்டித் தைத்த மேல்துணியை மட்டும் பார்த்து வைத்த பெயர். ஒட்டே இல்லாத குவில்ட் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டுச் சிசிலிப் போர்வை ஒன்று இருக்கிறது. முழுக்க லினன் துணி. உருவங்களுக்குள் பஞ்சு திணித்து, டிரிஸ்டன் என்ற பழைய ஐரோப்பியக் காதல் வீரனின் கதையைத் தையலாலேயே புடைத்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதை ஒட்டுப்போர்வை என்றால் பொய்யாகிவிடும். எனக்கு வேண்டியது அந்த ஊடுருவும் தையலுக்கான சொல்.

இரண்டாவது, ஸ்டாஷ். குவில்ட் தைப்பவர்கள் எதிர்காலத் தேவைக்கென்று சேர்த்து வைக்கும் துணிகள். பிடித்துப்போய் வாங்கிய அரை மீட்டர், தைத்ததில் மிஞ்சிய துண்டு, பழைய சேலையின் கிழியாத பகுதி எல்லாம் அதில் சேரும். என்னுடையது அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. பாதி, அவர் கொலுவுக்கும் வளைகாப்புக்கும் போய் வெற்றிலை பாக்கோடு வாங்கி வந்த ரவிக்கைத் துண்டுகள். ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர், தைக்கப்படாமலே மடிப்பு மடிப்பாக முப்பது வருடம் இருந்தவை. பெட்டியைத் திறந்தால் எந்தத் துண்டு யார் வீட்டில் கொடுத்தது என்று இன்றும் சொல்வேன். இதற்கு 'துணிச் சேகரிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். அருங்காட்சியகப் பலகை மாதிரி இருக்கிறது.

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

*

அக்கா, வணக்கம். ஓசூரிலிருந்து எழுதுகிறேன்.

நம் பக்கத்து மொழிகளில் இதற்கெல்லாம் வீட்டுச் சொல்லே இருக்கிறது. வட கர்நாடகத்தில் பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுகளை வைத்துத் தைப்பதைக் கௌதி என்கிறார்கள். தெலுங்கில் பொந்த, மராத்தியில் கோதடி, வங்காளத்தில் காந்தா. இவற்றில் நடுவில் பஞ்சு வைப்பது கட்டாயமில்லை, சேலை அடுக்குகளே கனம் தரும்.

காந்தாவுக்கு மூலமான வடசொல்தான் நம் ஊரில் 'கந்தை' ஆனது. ஒரே சொல், அங்கே கைவேலைப் பெருமை, இங்கே கிழிசல். நாம் ஏன் கந்தையை மீட்டெடுக்கக் கூடாது? 'கந்தைத் தையல்' என்று வைத்தால் வரலாறும் கூடவே வரும்.

ஸ்டாஷுக்குத் 'துணிக் களஞ்சியம்' சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

*

அம்மா, தங்கள் மடல் கண்டேன். பணியில் இருந்தபோது தமிழ் கற்பித்தவன், தையல் அறியேன். சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தைப்பதற்குத் தமிழில் 'துன்னு' என்று ஒரு பழைய வினை உண்டு. பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்த துணியை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்கிறார் முடத்தாமக்கண்ணியார். வேறு இழைகள் நுழையும்படி தைக்கப்பட்ட கிழிசல். சிதார் என்பது கிழிசல், துன்னல் என்பது தையல். புகார் நகரத்தில் இருந்த தொழிலாளரைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்று, துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே வைக்கிறது.

துன்னுதலுக்கு இன்னொரு பொருள், நெருங்குதல், செறிதல். 'துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்' என்ற குறளில் துன்னியார் நெருங்கிய நண்பர். மூன்று அடுக்கை விலகாமல் நெருக்கிப் பிடிக்கும் தையல் என்று தாங்கள் எழுதியதைப் படித்தபோது, இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கூடி நிற்பதாகவே எனக்குப் பட்டது. ஆகவே குவில்ட்டிங் துன்னம், குவில்ட் துன்னப்போர்வை. சுவரில் மாட்டுவதையும் மேசையில் போடுவதையும் துன்ன விரிப்பு என்றும், பையைத் துன்னப்பை என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

துன்னூசி என்ற சொல்லும் உண்டு. 'கொழுச் சென்ற வழித் துன்னூசி இனிது செல்லும்' என்பது இலக்கண உரைகளில் வரும் உவமை. கனத்த பொருளைக் கொழு என்னும் துளையிடும் கருவியால் துளைத்த பிறகு ஊசி எளிதாகப் போகும். தங்கள் தொழிலில் தனி ஊசி ஏதும் இருந்தால் அதற்கு இது உதவலாம்.

*

ஐயா, தங்கள் மடலை மூன்று முறை படித்தேன். மிக்க நன்றி.

துன்னூசிக்கு உடனே வேலை இருக்கிறது. கையால் குவில்ட் செய்ய ஒரு குட்டை ஊசி வைத்திருப்போம். சாதாரண ஊசி நீளமானது, மூன்றடுக்கில் வளைந்துவிடும். குட்டை ஊசியை நேராக இறக்கி, அடியில் வைத்த விரல் நுனியில் பட்டவுடன் ஆட்டி மேலே கொண்டுவர வேண்டும். அடிவிரலில் தழும்பு விழுந்துவிடும். இந்த ஊசிக்கு ஆங்கிலத்தில் 'பிட்வீன்' என்று பெயர், ஊசியைப் பற்றி எதுவும் சொல்லாத பெயர். துன்னூசி அதைவிட எவ்வளவோ மேல். என் குறிப்பில் இனி அதுதான்.

துன்னம் பற்றி ஒரு தயக்கம் இருந்தது. சென்னைப் பேச்சில் 'துன்னு' என்றால் சாப்பிடு. என் வகுப்பில் ஒருவர் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்தேன். வினையாகச் சொன்னால்தான் அந்தக் குழப்பம். 'துன்னம் போடு', 'துன்னம் ஓட்டு' என்று பெயர்ச்சொல்லாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஊரில் தையல் போடு, ஓட்டுத்தையல் ஓட்டு என்று சொல்வதும் அப்படித்தானே.

ஓசூர் தங்கைக்கு: கந்தையைப் பற்றிச் சொன்னது எனக்கும் வலிக்கிற விஷயம். ஆனால் இப்போதைக்கு அதை எடுக்க என்னால் முடியாது. நான் தைப்பதில் பாதி, பிறக்கப் போகும் குழந்தைக்காக. வளைகாப்பு வீட்டில் ஒரு கர்ப்பிணி மடியில் வைத்து 'கந்தை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதில் மரியாதை இருக்கிறது, ஆனால் அதுவும் இல்லாமையின் மரியாதை. வங்காளத்தில் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த வாழ்வு இங்கே கிடைக்கவில்லை. கௌதி வேறு, அது அந்த ஊர்ப் பெண்களின் கைவேலையின் பெயர். அதைக் கௌதி என்றே சொல்வோம்.

களஞ்சியமும் எனக்கு ஒட்டவில்லை. அது விளைந்ததை மொத்தமாகக் கொட்டி வைக்கும் இடம். ஸ்டாஷ் அப்படிச் சேருவதில்லை. ஒரு நாள் ஒரு முழம், இன்னொரு நாள் ஒரு துண்டு. நேற்று ராத்திரி பெட்டியை மூடும்போது ஒரு சொல் வந்தது: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அம்மாமார்கள் அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் சேர்த்து வைப்பார்களே, அந்தச் சிறுவாட்டுப் பணம். சிறுகச் சிறுகச் சேர்ப்பது, தனக்கென்று வைத்துக்கொள்வது, ஒரு நல்ல காரியத்துக்கு வெளியே எடுப்பது. மூன்றும் ஸ்டாஷுக்கு அப்படியே பொருந்துகிறது. துணிச் சிறுவாடு.

துணியைச் சிறுவாடாகச் சேர்ப்பதன் வரலாற்றில் நம் கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பல் ஏறிய சாயம் போகாத பூத்துணிதான் ஐரோப்பாவில் 'சின்ட்ஸ்' என்று பேர் வாங்கியது. தமிழில் சீட்டி, பாட்டிமார் சொல்லும் சீட்டித் துணி. அதன் மோகம் தாங்காமல், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டது. 1774 வரை அது நீடித்தது. எளிதில் கிடைக்காத, விலை கூடிய துணி என்பதால் பெண்கள் சின்னத் துண்டையும் எறியவில்லை. பூவை, கிளியை, கொடியை மட்டும் ஓரம் பார்த்து வெட்டி, வெறும் வெள்ளைத் துணியில் பரப்பி ஒட்டித் தைத்தார்கள். ஒரு முழம் சீட்டி ஒரு கட்டில் விரிப்பை நிறைத்துவிடும். அந்த வேலைக்கு ஐரோப்பாவில் 'பாரசீகப் பூவேலை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் துணி போனது இந்தியாவிலிருந்து. நாம் அதைச் 'சீட்டி ஒட்டு' என்றே எழுதுவோம். அது நம் துணியின் பெயர்.

இந்த ஒட்டும், துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டும், இரண்டுமே மேலடுக்கு வேலை. எனவே துண்டு சேர்ப்பது ஒட்டு, அடுக்குகளை ஊடுருவித் தைப்பது துன்னம். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் மீதிச் சொற்கள் தாமாகவே உட்கார்ந்துவிடுகின்றன. மேலடுக்கு, இடையடுக்கு, அடியடுக்கு. பேட்டிங்கைப் பஞ்சு என்று எழுதாமல் இடையடுக்கு என்கிறேன், ஏனென்றால் பழைய கம்பளியையோ சேலையையோ வைப்பவர்களும் உண்டு. பைண்டிங் என்பது ஓரப்பட்டி. தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்குத் தையல்காரர்கள் கச்சாத் தையல் என்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரியும், தொட வேண்டாம்.

ஒன்றில்தான் இன்னும் சிக்கல். துணி வாங்கும்போது கால் கெஜத்தை இரண்டு விதமாக வெட்டித் தருவார்கள். 44 அங்குல அகலத் துணியில் நேராகக் கால் கெஜம் வெட்டினால் 9க்கு 44, நாடா மாதிரி. அரைக் கெஜம் வெட்டி நடுவில் பிளந்தால் 18க்கு 22. பரப்பு ஒன்றேதான், ஆனால் முதலாவதில் 10 அங்குலச் சதுரம் ஒன்றுகூட எடுக்க முடியாது. இரண்டாவதற்குத்தான் மதிப்பு, ஆங்கிலத்தில் 'ஃபேட் குவார்ட்டர்' என்பார்கள். 'அகலக்கால்' என்று எழுதினேன், அது 'அகலக்கால் வைக்காதே' என்று வேறு பக்கம் இழுக்கிறது.

*

அக்கா, கந்தை விஷயத்தில் நீங்கள் சொன்னது புரிகிறது. விட்டுவிடுகிறேன், ஆனால் உங்கள் குறிப்பில் கௌதிக்கும் காந்தாவுக்கும் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்.

கால் கெஜத்துக்கு: நெட்டைக் கால், கட்டைக் கால் என்றால் காலை நினைப்பார்கள். 'துண்டு' சேர்த்துவிடுங்கள். 9க்கு 44 நெட்டைத் துண்டு, 18க்கு 22 கட்டைத் துண்டு. கடையில் வாய்விட்டுக் கேட்கவும் வரும்.

இன்னொன்று. சிறுவாடு என்றால் துவைக்காமல் சேர்த்து வைப்பதா, துவைத்தா? அதையும் குறிப்பில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்பார்கள்.

*

தங்கச்சி, கட்டைத் துண்டும் நெட்டைத் துண்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

துவைத்துத்தான். சிவப்புச் சுங்குடி ஒன்றைத் துவைக்காமல் வெள்ளையோடு சேர்த்து, மூன்று மாதம் கையால் துன்னம் ஓட்டினேன். முதல் அலசலிலேயே வெள்ளைக் கட்டங்கள் முழுக்க ரோஜா நிறம். என் அண்ணன் மகளுக்காகத் தைத்தது. இன்றும் அதைப் பார்க்கும்போது மனசு கனக்கும். சாயத் துணி வீட்டுக்குள் வந்த அன்றே, ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் இறங்கினால், இறங்குவது நிற்கும்வரை அலசிக் காயவைத்து மடித்த பிறகுதான் சிறுவாட்டில் சேர்க்க வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை, குறிப்பை எட்டுப் பேருக்கும் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். சிறுவாட்டுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. படித்தவுடன் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். துன்னத்துக்கு ஐயா சொன்ன இரண்டு பொருளையும் சொன்னேன். நெருக்கிப் பிடிக்கும் தையல் என்றதும் வியாசர்பாடிக்காரர்தான் முதலில் தலையாட்டினார். ஒட்டையும் துன்னத்தையும் இரண்டு பேர் மாற்றிச் சொன்னார்கள். மூன்றடுக்கைக் கையில் கொடுத்து ஊசியை ஓட்டச் சொன்னதும் தெளிந்துவிட்டது.

பிளாக் என்பதற்கு, அதாவது மேலடுக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சதுரத்துக்கு, நான் சொல் தேடவே இல்லை, குறிப்பில் இடம் விட்டிருந்தேன். படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிற்காமல் 'கட்டம்' என்று படித்துவிட்டுப் போனார், கோலத்தில் சொல்வது மாதிரி. கட்டம் என்றே எழுதிவிட்டேன்.