துலிப் பார்க்க ஒருநாள், தனி வண்டியில்: போய் வந்தவர்கள் அனுபவம்

பாகலூர், ரோஜா விவசாயி:

பிள்ளைகள் ஆம்ஸ்டெல்வீன், ஐண்ட்ஹோவன் என்று வேலைக்குப் போய்விட்டதால், ஏப்ரல் மாதம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க நெதர்லாந்து கிளம்பும் பெரியவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். போகிறவர்கள் அங்கே இருக்கிற கூகன்ஹாஃப் துலிப் தோட்டம் பார்க்காமல் திரும்புவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோட்டம் மட்டும் போதும் என்றால் பேருந்திலேயே போய்விடலாம், வசதியாகத்தான் இருக்கும். பூ விவசாயம் செய்கிற நம் ஆட்கள் மட்டும் தயவுசெய்து ஒருநாள் தனி வண்டி எடுங்கள். நாம் பார்க்க வேண்டியது தோட்டத்துக்கு வெளியே வயலில் இருக்கிறது. பேருந்து அங்கே நிற்காது.

மருமகன் ஏற்பாடு செய்த வண்டியின் ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா காலம்வரை குடும்பமே துலிப் கிழங்கு விவசாயம். அது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். நான் ரோஜா போடுகிறவன் என்று தெரிந்ததும், "அப்படியானால் முதலில் ஆல்ஸ்மீர் போவோம், சீக்கிரம் கிளம்புங்கள்" என்று சொல்லிவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய பூ ஏலம் நடக்கிற இடம் அது. வார நாளில் விடியற்காலையிலேயே போனால்தான் வேலை மும்முரமாக நடப்பதைப் பார்க்கலாம். சனி, ஞாயிறு கிடையாது.

மேலே பார்வையாளர் நடைபாதை. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூ அடுக்கிய தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நம் ஊர் மண்டியில் ஏலம் கேட்கக் கேட்க விலை ஏறும். அங்கே கடிகாரத்தில் விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குச் சரக்கு. தயங்கினால் பக்கத்து ஆள் கொண்டுபோய்விடுவான். அதனால் ஒவ்வொரு ஏலமும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பெங்களூரு ஹெப்பாளில் நம் பூ போகிற ஏல மையமும் இந்த முறையைப் பார்த்து வந்ததுதான். ஆனால் இந்த அளவில் நடப்பதை நேரில் பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது. கென்யா, எத்தியோப்பியா ரோஜாக்கள் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருந்தன. காதலர் தினத்துக்குத் தாஜ்மகால் ரக ரோஜாவை வெட்டிக் கட்டி அனுப்புகிற நாம் யாரோடு போட்டி போடுகிறோம் என்பது அந்த நடைபாதையில் நின்றால் புரியும். காம்பின் நீளம், மொட்டின் அளவு எல்லாம் ஒரே சீர். தரம் பிரிப்பதில் நாம் இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டும்.

அங்கிருந்து லிஸ்ஸே, ஹில்லகோம் பக்கம் வயல்களுக்குப் போனோம். கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கிற வெளிறிய மணல் பூமி. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். சுற்றிலும் கால்வாய். அதில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி வயலின் ஈரத்தைச் சரிக்கட்டுகிறார்கள். வயலுக்குள் இறங்காதீர்கள் என்று அங்கங்கே பலகை இருக்கும். படம் எடுக்கிறவர்கள் காலில் மிதிபடும் செடி ஒரு பக்கம், செருப்பில் ஒட்டி வருகிற மண்ணோடு நோய் பரவும் என்பது இன்னொரு பக்கம். நம் பாலிஹவுஸ் வாசலில் கால் நனைக்கிற தொட்டி வைப்பதும் இதற்காகத்தானே. தயவுசெய்து ஓரத்தில் நின்றே பாருங்கள்.

ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னது என் வீட்டம்மா. பாதி வயல் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது. மீதிப் பாதியில் தலையில்லாத பச்சைத் தண்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வெட்டிய பூக்கள் பாருக்கு நடுவில் மண்ணோடு கிடக்கின்றன. ஒன்றில்கூட வாடல் இல்லை, இதழ் அப்படியே நிமிர்ந்திருக்கிறது. "ஐயோ, ஒரு கட்டுகூட யாரும் எடுத்துக்கட்டலையா?" என்று கேட்டு அவள் கண் கலங்கிவிட்டாள். பண்டிகைக்கு முந்தின நாள் ஒவ்வொரு மொட்டாக எண்ணுகிறவள் வேறு எப்படிக் கேட்பாள்?

ஓட்டுநர் பொறுமையாக விளக்கினார். இந்த வயல்களில் விளைச்சல் என்பது பூ அல்ல, மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. பூவை அப்படியே விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போகும். தலையைக் கொய்துவிட்டால் இலை செய்கிற உணவு முழுதும் கிழங்கில் இறங்கும். கோடையில், ஜூன் ஜூலை வாக்கில் தோண்டி எடுத்து, அளவு பிரித்து விற்பார்கள். அப்படியானால் பூக்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பூத்தால்தான் ரகம் கலந்திருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று தெரியும். அதற்கென்றே பழகின ஆட்கள் வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, இதழிலோ இலையிலோ கோடு விழுந்த செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் போடுகிறார்கள்.

அந்தக் கோடு வைரஸால் வருவது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிதான் பரப்புகிறது. 1630களில் அந்த நாட்டில் துலிப் கிழங்கு விலை பைத்தியம் பிடித்ததுபோல் ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்ததே, அப்போது மிக அதிக விலைக்குப் போனது இந்தக் கோடு விழுந்த பூக்கள்தான். நோய் என்று அன்றைக்குத் தெரியாது. 1920களில்தான் ஆராய்ச்சியில் தெளிவானது. வீட்டு விலைக்கு வாங்கின பூவை இன்று பார்த்த இடத்தில் பிடுங்கி எறிகிறார்கள். ரோஜாவில் அசுவினியோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு இது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

கூகன்ஹாஃப் தோட்டத்துக்குப் பிற்பகலில்தான் போனோம். அதுவும் ஓட்டுநர் யோசனைதான். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு கூட்டம் கரைந்துவிடுகிறது, மாலை ஏழரை வரை திறந்திருக்கிறது. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். 1950-லிருந்து மக்களுக்குத் திறந்திருக்கிற தோட்டம், 32 ஹெக்டேர், ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் சுமார் 70 லட்சம் கிழங்கைக் கையால் நடுகிறார்கள். ஒரே குழியில் அடுக்கடுக்காக: கடைசியில் பூப்பது அடியில், முதலில் பூப்பது மேலே. மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருப்பதன் சூட்சுமம் இதுதான். மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்தே முழுக்கச் சுற்றினோம், பாதை அவ்வளவு சமம். அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற ஆசிரியை:

அண்ணா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தோட்டமே போதும். விவசாயம் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கும் தனி வண்டிதான் நல்லது, காரணம்தான் வேறு: ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம்.

நாங்கள் போனது ஸ்ரீநகர். முதலில் ஒரு சுற்றுலாக் குழுவோடு போன என் தங்கை ஒரே நாளில் ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, துலிப் தோட்டம் நான்கையும் ஓடி ஓடிப் பார்த்து, துலிப்புக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். அவள் அனுபவத்தைக் கேட்டுத்தான் நாங்கள் வண்டியைத் தனியாகப் பேசினோம். ஓட்டுநர் உள்ளூர்க்காரர். காலையில் தோட்டம் திறந்த கையோடு உள்ளே விட்டுவிட்டு, "நீங்கள் கூப்பிடும்போது வருகிறேன்" என்றார்.

ஜபர்வான் மலையடிவாரத்தில் படிப்படியாகச் சரிந்து இறங்கும் தோட்டம். மேல் படியில் நின்று திரும்பினால் கீழே தால் ஏரி. முன்பு சிராஜ் பாக் என்று இருந்த இடம். 2007-ல் இந்திரா காந்தி நினைவு துலிப் தோட்டமாகத் திறந்தார்கள். சுமார் 30 ஹெக்டேர், 15 லட்சத்துக்கும் மேல் செடிகள், ஆசியாவிலேயே பெரியது. மார்ச் கடைசியில் திறந்தால் மூன்று நான்கு வாரம்தான் பூ நிற்கும். வெயில் கூடினாலும் மழை அடித்தாலும் அதுவும் குறையும். அதனால் விமான டிக்கெட் போடும்முன் தோட்டம் திறக்கும் தேதி வந்துவிட்டதா என்று பாருங்கள்.

காலையில் பூவெல்லாம் மூடிக் கூம்பியிருந்தது. என் பேத்தி ஏமாந்துபோய், "பாட்டி, இன்னும் பூக்கவே இல்லையே" என்றாள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக விரிந்தது. உச்சி வெயிலில் உள்ளே இருக்கிற கறுப்பு மகரந்தத் தாள்கள் தெரிகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டது. மேகம் வந்து குளிர்ந்ததும் திரும்ப மூடிக்கொள்ளத் தொடங்கியது. அவசரமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாதிக் காட்சி கிடைக்காது. ஒரு ரகத்தில் இதழ் ஓரம் முழுக்கப் பட்டுப்புடவை முந்தானைக் குஞ்சம்போல் நுணுக்கமாகப் பிரிந்திருந்தது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், தூரத்தில் வெறும் இளஞ்சிவப்புப் பட்டை.

நம்மவர்களுக்கு இரண்டு விஷயம். ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு இருக்கிற ஒருவராவது கூட வர வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநரைக் கூப்பிட முடியாது. ஊர் திரும்பும்போது விமான நிலையத்துக்கு முன்பே வாசலில் பெட்டியை எல்லாம் இறக்கிச் சோதிப்பார்கள், நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுகிறது. செனாப் பாலம் வழியாகப் போகலாம்.

பாலக்கோடு, முன்னாள் ராணுவ வீரர்:

டெல்லியிலேயே துலிப் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பிப்ரவரியில் சாந்தி பாத் சாலை ஓரம் முழுக்கப் பூத்திருக்கும், கட்டணம் இல்லை. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யானிலும் உண்டு. அதற்கு இணையத்தில் பதிந்துகொண்டு போவது நல்லது, இலவசம்தான், திங்கட்கிழமை விடுமுறை. தூதரகங்கள் இருக்கிற பகுதி என்பதால் சாந்தி பாத்தில் நினைத்த இடத்தில் வண்டி நிறுத்த முடியாது. ஓட்டுநரைச் சுற்றிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு நடந்து பார்ப்பது மேல். டெல்லி வெயிலில் கிழங்கு தங்காது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரவழைத்து நடுகிறார்கள். காஷ்மீர் போக முடியாத வயதானவர்களுக்கு இது பெரிய வரம். என் அம்மாவுக்கு அப்படித்தான் காட்டினேன்.

ராயக்கோட்டை, சம்பங்கி விவசாயி:

எல்லாம் சரி, நம் பக்கம் இது வருமா? சம்பங்கியும் கிழங்குதானே. ஓசூர், தளி எல்லாம் குளிர்தானே. பாகலூர் அண்ணன் வரும்போது பத்துக் கிழங்கு எடுத்து வந்திருக்கலாமே?

பாகலூர், ரோஜா விவசாயி:

தம்பி, எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஓட்டுநரிடம் கேட்டேன். துலிப் கிழங்குக்குள் பூ உருவானாலும், தண்டு நீண்டு வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல் கடுங்குளிர் வேண்டும், 9 டிகிரிக்குக் கீழே. ஓசூரில் டிசம்பர் பகலிலேயே 25 டிகிரி வாக்கில் அடிக்கிறது. குளிர்பதன அறையில் வைத்துத் தயார் செய்த கிழங்கைத் தொட்டியில் நட்டால் ஒருமுறை பூக்கும். அத்தோடு கிழங்கு ஓய்ந்துவிடும். சம்பங்கி மாதிரி ஒரே நடவில் இரண்டு மூன்று வருடம் எடுப்பது நடக்காது. கொய்மலராக, அதாவது காம்போடு வெட்டி விற்கிற பூவாக, முயல்கிறவர்கள் தளியில் இருக்கிற மலர் மகத்துவ மையத்தில் பேசிவிட்டு, குளிர்பதனச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்குக் கட்டுப்படியாகும் என்று தோன்றவில்லை.

கிழங்கைப் பெட்டியில் போட்டு எடுத்து வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் கடைத்தெருவில் அழகாகப் பொட்டலம் கட்டி விற்பார்கள், ஆசை வரும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி நடவுப் பொருள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கிழங்கோடு நூற்புழுவோ அழுகலோ ஏதாவது வந்து ராயக்கோட்டைச் சம்பங்கியில் ஏறினால் யார் பொறுப்பு? பூவை நம்பி இத்தனை குடும்பம் இருக்கிற ஊர் நம்முடையது.

காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற ஆசிரியை:

அடுத்த ஏப்ரலில் என் மகன் நெதர்லாந்துக்குக் கூப்பிடுகிறான். வயலும் வேண்டும், தோட்டமும் வேண்டும் என்றால் எந்த வாரம் அண்ணா?

பாகலூர், ரோஜா விவசாயி:

ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ரொம்ப முன்னால் போனால் வயலில் நார்சிசஸ், ஹையசிந்த் என்ற வேறு கிழங்குப் பூக்கள்தான் இருக்கும், மே பிறந்தால் நிறைய வயலில் தலை கொய்து முடித்திருப்பார்கள். வார நாளாகப் பார்த்து, ஓட்டுநரிடம் ஆல்ஸ்மீர், பிறகு ஹில்லகோம் வயல், கடைசியில் தோட்டம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காற்று குளிரும், காதை மூடுகிற குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.