ரசீதைத் திருத்தும்போது டெலீட்டுக்கு முன்பே இன்ஸர்ட் ஓடுகிறது: ஹைபர்னேட்டில் என்ன செய்வது?

பூக்கணக்கு, மதுரை:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஜாவா, ஹைபர்னேட் (ஜாவா பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளில் சேமித்துத் தரும் கருவி), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) வைத்துக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒரு ரசீதில் ஒன்றாம் வரி மல்லிகை, இரண்டாம் வரி பிச்சி, மூன்றாம் வரி கனகாம்பரம். ரசீது எண்ணும் வரி எண்ணும் சேர்ந்து யூனிக், அந்த ஜோடி இன்னொரு முறை வந்தால் தரவுத்தளம் ஏற்காது. ஒரே எடை இருமுறை ஏறினால் விவசாயியின் பட்டுவாடா கெட்டுவிடும். அந்தக் கட்டுப்பாட்டை நான் எடுக்கவே மாட்டேன்.

எடையைத் திருத்தும்போது பட்டியலிலுள்ள பழைய வரிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கிறேன். கேஸ்கேடும் (ரசீதுக்குச் செய்வது வரிகளுக்கும் போகும்) ஆர்ஃபன் ரிமூவலும் (பட்டியலிலிருந்து எடுத்த வரி தானே அழியும்) போட்டாயிற்று. ஆனாலும் யூனிக் பிழை வருகிறது. லாகில் முதலில் நிற்பது இன்ஸர்ட் (புது வரி சேர்ப்பது), டெலீட்டையே (பழையதை அழிப்பது) காணோம். விடியற்காலையில் மூட்டைக்காரர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் இப்படி ஆகிறது.

திருமங்கலத்துக்காரர்:
நீங்கள் எழுதிய வரிசையில் ஹைபர்னேட் அனுப்பாது. ஃப்ளஷ் (சேர்ந்த மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது) வரும்வரை சேர்த்து வைத்து, இன்ஸர்ட், அப்டேட், கலெக்‌ஷன் மாற்றங்கள், கடைசியில் டெலீட் என்று அனுப்பும். அதற்குக் காரணம் உண்டு. ஒரு வரியைப் பழைய ரசீதிலிருந்து புதிய ரசீதுக்கு மாற்றுகிறீர்கள் என்றால், புதிய ரசீது முதலில் இருக்க வேண்டும், வரி அதற்கு மாற வேண்டும், அதன் பிறகுதான் பழையதை அழிக்க முடியும். பழைய வரிகளை நீக்கியதும் ஒரு ஃப்ளஷ் கொடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேருங்கள். ஒரே டிரான்ஸாக்‌ஷன்தான், இடையில் தவறினால் இரண்டுமே திரும்பிவிடும்.

வைகைக்கரை:
ஃப்ளஷ் வேலை செய்யும், ஆனால் எடையைத் திருத்த வரியை ஏன் அழிக்க வேண்டும்? அழித்தால் வரியின் ஐடி மாறும். பட்டுவாடா அட்டவணை அந்த ஐடியைப் பிடித்திருந்தால் அடுத்த பிழை அங்கே வரும். வரி எண்ணைப் பொருத்தி இருப்பதையே அப்டேட் செய்யுங்கள், மிஞ்சியதை மட்டும் நீக்குங்கள். இரண்டு வரிகளின் எண்ணை இடம் மாற்றினால் அப்டேட்டும் முட்டும். அதற்கு அந்த யூனிக்கை டிஃபரபிள், இனிஷியலி டிஃபர்ட் (சோதனையைத் தள்ளிவைப்பது) என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸ் கமிட்டில்தான், அதாவது எல்லா மாற்றத்தையும் உறுதிசெய்து முடிக்கும்போதுதான், சோதிக்கும். அப்படி வைத்ததை வேறு ஃபாரின் கீ (இன்னொரு அட்டவணையின் வரியைச் சுட்டும் இணைப்பு) சுட்ட முடியாது.

பூக்கணக்கு, மதுரை:
ஐடியைப் பட்டுவாடா அட்டவணை பிடித்துத்தான் இருக்கிறது, அதனால் அப்டேட் வழியில் போகிறேன். மிக்க நன்றி. பழைய ஆண்டின் ரசீதுகளை ஜேபிக்யூஎல்லில் (ஜாவா வகுப்புகளின் பெயரை வைத்து எழுதும் வினவல் மொழி) மொத்தமாக டெலீட் செய்தால் வரிகளும் போய்விடுமா?

திருமங்கலத்துக்காரர்:
போகாது. மொத்த டெலீட் கேஸ்கேடைப் பார்ப்பதில்லை. வரிகளை முதலில் அழியுங்கள், அல்லது ஃபாரின் கீயிலேயே ஆன் டெலீட் கேஸ்கேட் (ரசீது அழிந்தால் வரிகளைத் தரவுத்தளமே அழிப்பது) வையுங்கள்.