கொள்கலனா, நாற்றங்காலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மயிலாடுதுறைப் பக்கம் நான் நடத்தும் ஆய்வக வகுப்புக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'கன்டெய்னர்' (நிரல்களை நிறுவி ஓட்டக் கணினிக்குள் பிரித்துவைக்கும் தனியிடம்) என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் எது என்று முடிவாகாமல் மூன்றாம் அதிகாரம் இன்னும் காத்திருக்கிறது. எங்கள் கணினிகளில் இருப்பது ஃபெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் இயங்குதளத்தின் நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் அடைவைப் படிக்கலாமே தவிர எழுத இயலாது. ஆகவே, எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் முதலிய கருவிகளை அங்கே சேர்க்காமல், டூல்பாக்ஸ் என்ற கருவி வழியே, கன்டெய்னர்களை இயக்கும் பாட்மேன் என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு கன்டெய்னர் அமைத்து, அதற்குள் நிறுவுகிறோம். கெட்டுப்போனால் அதை அழித்து வேறொன்று அமைக்கலாம், அடித்தளம் அசையாது.

கொள்கலன் என்பதே போதும் என்று குடந்தை ஐயா எழுதியிருந்தார்கள். இலக்கணத்தில் குறையில்லை: கொள்கலம் வினைத்தொகை, கலம் கலன் ஆவது நன்னூல் ஒப்பும் போலி. ஆயினும் நம் பக்கத்தில் கலம் என்றால் 12 மரக்கால் நெல். அளந்து, தலைதட்டி, மூட்டையில் கட்டியாயிற்று என்ற எண்ணமே எழும். டூல்பாக்ஸ் அப்படிக் கட்டி மூடியதன்று. பயனரின் கோப்புகள் இருக்கும் இல்ல அடைவு உள்ளேயும் வெளியேயும் ஒன்றேதான். கொள்கலன் என்ற சொல்லை நம்பிய மாணவி ஒருத்தி, உள்ளே அழிப்பது வெளியே பாதிக்காது என்றெண்ணி, ஒரு பருவம் முழுவதும் எழுதிய நிரல்களை அழித்துவிட்டாள். அன்றுமுதல் இச்சொல் எனக்கு உறுத்துகிறது.

பத்தாயம் என்று திருவாரூர் அம்மா முன்மொழிந்ததும், அது பத்து ஆயமா, பற்று ஆயமா என்று நான்கு மடல்கள் ஓடின; நானும் இரண்டு இரவு அகராதிகளைப் புரட்டினேன். ஆனால் பத்தாயம் விளைந்து முடிந்ததைச் சேர்த்துவைக்கும் இடம். இங்கே நடப்பது விளைவிக்கும் வேலை.

ஆகவே நாற்றங்கால் என்கிறேன். குறுவைக்கு வயலில் ஒரு மூலையை வரப்புக்கட்டிப் பிரித்து விதை தெளிக்கிறோம். மற்ற நிலத்தைத் தொடாமலே நாற்று வளர்கிறது. பறித்து முடிந்ததும் அந்த இடத்தையும் உழுதுவிடுகிறோம். வாய்க்கால் தண்ணீர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியாக ஓடும் மெய்நிகர் எந்திரத்தைப் போலத் தனிக் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) வைத்துக்கொள்ளாமல், அடித்தளத்தின் கெர்னலையே கன்டெய்னர்கள் பகிர்ந்துகொள்வதை மாணவருக்கு விளக்க இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

சர்வரில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதையும் நாற்றங்கால் என்பீர்களா என்று ஐயா கேட்டது நியாயம். அங்கே அச்சொல் பொருந்தாது. சில்வர்புளூ போன்ற 'இம்யூட்டபிள் டெஸ்க்டாப்' வகைக்குச் சொல்லும் 'மாறா மேசைத்தளம்' குறித்த என் தயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அழகுதான், ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அத்தளம் முழுப் படிமமாகவே மாறுகிறதே.

இதுவரை ஐவர் கொள்கலன் என்றும், என்னோடு இருவர் நாற்றங்கால் என்றும் சொல்லியிருக்கிறோம். கையேட்டில் கொள்கலன் என்றே இடுகிறேன். டூல்பாக்ஸ் பகுதியின் தலைப்பில் மட்டும் நாற்றங்கால் இருக்கும். அதன்கீழே, 'இல்ல அடைவுக்கு வரப்பு இல்லை' என்ற வரி தடித்த எழுத்தில் வரும்.